உவர்நாட்டைக் கட்டியவள்

ஒட்டுசுட்டானிலிருந்து கிளிநொச்சி ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் பஸ், ஏழு வருடத்துக்கு முன்னர் ஒரு விடியற்காலையில், கரிப்பட்டமுறிப்புக்குக் கிட்ட நின்றுவிட்டது. நடு ரோட்டில் தனியன் யானை ஒன்று. சாரதி கிருபன் எஞ்சினை நிறுத்தி விளக்கையும் அணைத்தான். "ஒருத்தரும் சத்தம் போடாதேங்கோ" என்றான். உள்ளே நாற்பத்திரண்டு பெண்கள். போன வாரம்தான் அதே இடத்தில் ஒரு விறகுக்காரரை யானை அடித்திருந்தது. பின் சீற்றில் யாரோ விம்மத் தொடங்க, அது அப்படியே ஒருத்தியிடமிருந்து அடுத்தவளுக்குத் தொற்றி முன்னுக்கு வந்தது.

நடுச் சீற்றில் இருந்த சுமித்திராவுக்கும் பயம்தான். ஆனால் பக்கத்தில் இருந்தவளும் விம்மத் தொடங்கியதும் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, வாயில் வந்ததைச் சொல்லத் தொடங்கினாள்.

"ஒரு நாடு இருந்தது. உவர்நாடு எண்டு பேர். எங்க தோண்டினாலும் உப்புத்தண்ணிதான். நடுவில மட்டும் ஒரு நல்லதண்ணிக் குளம். அந்தக் குளத்துக்கு மண்ணால கட்டின அணைக்கட்டு இல்லை. ஒரு யாளி வளைஞ்சு படுத்து நித்திரை கொள்ளுது. அதின்ர உடம்புதான் கட்டு. விலா எலும்புக்கு நடுவில ஏழு மதகு."

யானை முக்கால் மணித்தியாலம் நின்றது. அது எப்போது காட்டுக்குள் இறங்கியது என்பதை முன் சீற்றில் இருந்தவர்கள்கூடக் கவனிக்கவில்லை. தொழிற்சாலைக்குப் பிந்திப்போய் எல்லோரும் ஏச்சு வாங்கினார்கள். அடுத்த நாள் காலை, அந்த பஸ்ஸில் வயதில் மூத்தவளான விமலேஸ்வரி, ஏறியதும் ஏறாததுமாகக் கேட்டாள்.

"பிள்ளை, அந்த யாளி முழிச்சுதோ?"

யாளி என்ன செய்தது என்று சுமித்திராவுக்கே அப்போது தெரியாது. மாங்குளச் சந்தி வருவதற்குள் யோசித்துச் சொன்னாள். அன்றிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

சுமித்திராவின் தகப்பன் பழனியாண்டி மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கலவரத்துக்குத் தப்பி வன்னிக்கு வந்தவர். காட்டை வெட்டி, கிணறு கிண்டி, கச்சான்கடலை போட்ட காணிக்கு ஒரு துண்டுக் கடதாசி எடுக்க அவர் அலைந்த அலைச்சல் கொஞ்சநஞ்சமல்ல. பன்னிரண்டு வயதில் சுமித்திராவும் அவருடன் ஓர் அரசாங்கக் கந்தோருக்குப் போய் வரிசையில் நின்றாள். மேசைக்குப் பின்னால் இருந்தவர் கத்தவில்லை, ஏசவில்லை, நல்ல மரியாதையாகத்தான் சொன்னார்: "நாளைக்கு வாங்கோ." அடுத்த நாளும் அதையே சொன்னார். பதினொரு நாள் சொன்னார். கத்துகிற ஆளைவிட இப்படிச் சிரித்துக்கொண்டு சொல்கிற ஆளிடம்தான் பலம் கூட இருக்கிறது என்பது அந்த வரிசையில் அவளுக்குத் தைத்த விஷயம்.

உவர்நாட்டில் ஓர் அமைச்சர் வருகிறார். வாளே எடுக்காதவர். யார் என்ன முறைப்பாட்டோடு வந்தாலும் எழுந்து நின்று வணங்கி, "நாளை வாருங்கள்" என்பார். அவர் கதைக்குள் வந்த முதல் நாள் பஸ் முழுக்கச் சிரித்துக் குலுங்கியது. ஒவ்வொருத்தியும் தனக்குத் தெரிந்த ஒரு கந்தோரின் பெயரைச் சொல்லி, "இவர் அங்க இருக்கிறவர்தான்" என்றாள்.

சுமித்திரா பள்ளியில் சாதாரணதரப் பரீட்சைக்கு மேல் படித்தவளல்ல. அந்தப் பரீட்சையையும் அகதி முகாமிலிருந்து எழுதி, கணக்கில் கோட்டைவிட்டவள். ஆனால் கதையை அவள் கையாண்ட விதத்தைப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது. முதலில் உவர்நாட்டு அரசி மாதங்கையை ஒரேயடியாகக் கொடுமைக்காரியாகவும், மதகுக் காவல்காரி தாரிகையை அவளுக்காக உயிரையும் கொடுப்பவளாகவும் வைத்திருந்தாள். விமலேஸ்வரிக்கு அது பிடிக்கவில்லை.

"அவ்வளவு கூடாதவளுக்கு ஏன் பிள்ளை ஒருத்தி உயிரைக் குடுத்துக் காவல் நிக்கிறாள்? அவளுக்கு விசரோ?"

சுமித்திரா அன்று முழுக்க மெஷினுக்கு முன்னால் இருந்து அதையே யோசித்தாள். மறுநாள் கதையை ஒரு தலைமுறை பின்னுக்குக் கொண்டுபோனாள். பெருவெள்ளத்தில் ஒரு குழந்தை மிதந்து வருகிறது. படைவீரர்களே இறங்கப் பயந்த நீரில் அரசி தானே இறங்கி, அந்தக் குழந்தையைத் தன் சேலைத் தலைப்பில் ஏந்தி எடுக்கிறாள். அந்தக் குழந்தைதான் தாரிகை. வளர்ந்து, நாவுக்கடியில் உப்பை வைத்துச் சத்தியம் செய்து, நாலாம் மதகின் காவல் தலைவியாகிறாள். அரசிக்காக அவள் எதையும் செய்வாள்.

"இப்ப சரி" என்றாள் விமலேஸ்வரி.

அங்கேதான் கதைக்கு முடிச்சு விழுந்தது. அரச களஞ்சியத்தில் நெல் களவுபோகிறதைச் சந்தையில் பகிரங்கமாகப் பாடிவிட்ட ஒரு பாடகனைக் கீழ்க்கரை ஊரார் ஒளித்து வைக்கிறார்கள். அவனைக் கொடுக்கும்வரை நாலாம் மதகை மூடு, ஊர் தவிக்கட்டும் என்று அரசி கட்டளையிடுகிறாள். சாவி தாரிகையின் கையில்.

பஸ் இரண்டாகப் பிளந்தது. இடப்பக்கச் சீற்றுக்காரர் மூடக்கூடாது என்றார்கள். வலப்பக்கத்தில் விமலேஸ்வரி தலைமையில் இன்னொரு கட்சி.

"தண்ணிக்குள்ள இறங்கி எடுத்தவா. அவான்ர சொல்லைத் தட்டுறவள் மனிசியோ?"

"அதுக்காக ஊரில இருக்கிற குஞ்சு குருமான் எல்லாம் நா வறண்டு சாகோணுமோ, அக்கா?"

"ஊர்க்காரர் பாடகனைக் குடுத்தால் முடிஞ்சுது."

"அவன் என்ன பொய்யே பாடினவன்?"

கிருபன்கூடப் பாட்டை நிற்பாட்டிவிட்டு, "நான் சொல்லட்டோ?" என்று திரும்பிப் பார்க்க, "நீ ரோட்டைப் பார் தம்பி" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். அந்தச் சண்டையில் மிகவும் சூடாகக் கதைத்தது மேனுகா. வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாத இருபது வயதுப் பெண். தொழிற்சாலையில் சுமித்திராவுக்கு அடுத்த மெஷின் அவளுடையது.

இந்த நேரத்தில்தான் ஊசி உடைந்தது.

வெளிநாட்டுக் குழந்தைகள் நித்திரைக்குப் போடும் உடுப்பு அவர்களுடைய தையல் லைனில் ஓடிக்கொண்டிருந்தது. ஊசி உடைந்தால் கடும் சட்டம். மெஷினை நிற்பாட்ட வேண்டும், காந்தம் கொண்டுவந்து எல்லாத் துண்டையும் தேடி எடுத்து ஒரு தாளில் ஒட்டிக் காட்ட வேண்டும். அதன் பிறகுதான் புது ஊசி. ஒரு துண்டு குறைந்தாலும் அது ஏதோவொரு குழந்தையின் உடம்பில் குத்தும். இதைச் சுவரிலும் பெரிதாக எழுதி வைத்திருந்தார்கள்.

வியாழக்கிழமை பின்னேரம் மேனுகாவின் ஊசி மூன்றாக உடைந்தது. இரண்டு துண்டுதான் கிடைத்தது. அவள் உடனே கையை உயர்த்தினாள். சூப்பர்வைசர் ராஜினி ஓடி வந்தாள். வெளியே கொழும்புக்குப் போக லொறி காத்து நின்றது. ராஜினி மணிக்கூட்டைப் பார்த்தாள். "மற்றது கீழ விழுந்திருக்கும். பிறகு பாப்பம். இப்ப கெதியா முடி" என்று புது ஊசியை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். சுமித்திரா ஒரு முழத் தூரத்தில் இருந்து எல்லாவற்றையும் கண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை, பொதி கட்டும் இடத்தில் இரும்பைக் கண்டுபிடிக்கும் மெஷின் கத்தியது. இடுப்பு இலாஸ்டிக்குக்குள் அந்த மூன்றாவது துண்டு. கட்டி முடித்த பெட்டி அத்தனையையும் திரும்பப் பிரித்தார்கள். இரவு முழுக்கக் காத்து நின்ற லொறி வெறுமனே போனது. திங்கட்கிழமை விசாரணை என்று அறிவித்தார்கள்.

அன்று மத்தியானச் சாப்பாட்டு நேரம் ராஜினி சுமித்திராவைத் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் கூப்பிட்டாள்.

ராஜினி யார் என்பதை இங்கே சொல்ல வேண்டும். சுமித்திரா வேலைக்கு வந்த முதல் வாரமே ஊசியைத் தன் விரலுக்குள் ஏற்றிக்கொண்டவள். இவள் சரிவரமாட்டாள் என்று அனுப்பப் பார்த்தார்கள். "இவளை என்ர லைனில விடுங்கோ, ஒரு மாசத்தில ஆக்கிக் காட்டுறன்" என்று மேலிடத்தில் நின்று வாதாடியவள் ராஜினி. வேலை முடிந்த பிறகும் பக்கத்தில் குந்தியிருந்து, துணியை இழுக்காமல் விடப் பழக்கினாள். போரில் கணவனைத் தொலைத்து, இரண்டு பிள்ளைகளோடு தனியாக நின்று மேலே வந்தவள். லைனில் அவளைப் பிடிக்காதவர் இல்லை.

"மேனுகா ஊசி உடைஞ்சதை மறைச்சவள் எண்டு எழுதிக் குடுத்திட்டன்" என்றாள் ராஜினி. "நீயும் கண்டனி எண்டு ஒரு கையெழுத்து வைச்சால் காணும்."

"அக்கா, அவள் கையை உயத்தினவள்."

"தெரியும்." ராஜினி வேறு பக்கம் பார்த்தாள். "அவளுக்கு இருவது வயசு, சுமி. வேற வேலை கிடைக்கும். எனக்கு இதை விட்டால் ஒண்டுமில்லை. உன்னை இந்த லைனில நிப்பாட்டினது ஆர்?"

"நீங்கள்தான், அக்கா."

"அப்ப யோசி."

பின்னேர பஸ்ஸில் சுமித்திரா கதை சொல்லவில்லை. தொண்டை சரியில்லை என்று நினைத்தார்கள். மேனுகா யன்னலோரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தாள். வேலை போய்விடும் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் நடந்தது ஒன்றும் அறியாத விமலேஸ்வரி முதுகில் தட்டிக் கேட்டாள்.

"ஒரு சொல் சொல்லன் பிள்ளை. தாரிகை மதகை மூடினவளோ இல்லையோ?"

"எனக்குத் தெரியேல்லை அக்கா" என்றாள் சுமித்திரா. அது உண்மை. வியாழக்கிழமைவரை தெரிந்திருந்தது. தாரிகை வாளை உருவுவாள், அரசியின் முன் நின்று முழங்குவாள், யாளி கண் திறக்கும் என்றெல்லாம் யோசித்து வைத்திருந்தாள். இப்போது அந்த வாள் அவளுக்கு வெட்கத்தைத் தந்தது. தன்னைக் கரையேற்றியவளுக்கு எதிராக நிற்பது எவ்வளவு பாரம் என்று தெரியாமலே தாரிகையை அவ்வளவு சுலபமாக வீராங்கனையாக்கப் பார்த்தேனே என்று நினைத்தாள்.

சனியும் ஞாயிறும் அவள் கச்சான் பாத்தியில் புல் பிடுங்கினாள். பழனியாண்டி இரண்டு தரம் வந்து, "என்னம்மா, வேலையில ஏதும் கரைச்சலா?" என்று கேட்டார். "ஒண்டுமில்லை அப்பா" என்றாள். கையெழுத்து வைத்தால் மேனுகா போவாள். வைக்காமல் வாயை மூடிக்கொண்டிருந்தாலும் மேனுகாதான் போவாள், ராஜினி எழுதியது போதும். கண்டதைச் சொன்னால் ராஜினி போவாள். எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் ஒருத்தி விழுந்தாள். ஆனால் மேனுகா பிழை செய்யவில்லை. அந்த ஒன்றை எப்படிப் புரட்டினாலும் அது மாறவில்லை.

திங்கட்கிழமை பஸ்ஸால் இறங்கியதும் நேரே ராஜினியிடம் போனாள்.

"அக்கா, நான் கையெழுத்து வைக்கமாட்டன். உள்ளுக்குக் கூப்பிட்டால் கண்டதைத்தான் சொல்லுவன். உங்களுக்குத் தெரியாமல் முதுகுக்குப் பின்னால சொல்லக்கூடாது எண்டுதான் முதல் உங்களிட்ட வந்தனான். நீங்களே நடந்ததைச் சொன்னால், நான் உங்களுக்குப் பக்கத்தில நிப்பன்."

ராஜினியின் முகம் கறுத்தது. "இது உன்ர பஸ் கதை இல்லை, சுமி. இங்க ஒருத்தரும் குதிரையில வந்து காப்பாத்த மாட்டினம்."

"ஓம் அக்கா. அது தெரியும்."

விசாரணை மனேஜரின் அறையில் நடந்தது. மேனுகா நின்றாள். ராஜினி கதிரையில் இருந்தாள். சுமித்திராவைக் கூப்பிட்டுக் கேட்டபோது, கையை உயர்த்தியது, இரண்டு துண்டு கிடைத்தது, புது ஊசி கொடுத்தது எல்லாவற்றையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். மேனுகா சத்தம் வராமல் அழத் தொடங்கினாள். மனேஜர் எழுதி முடித்து, சரி போ என்பதுபோல் கையைக் காட்டினார்.

சுமித்திரா போகவில்லை.

"இன்னொண்டு இருக்கு, சேர். அண்டைக்கு ராஜினி அக்காவுக்கு நாலு தரம் போன் வந்தது. லொறி நிக்குது, கெதியா முடி எண்டு. ஊசி தேட மெஷினை நிப்பாட்டினால் அந்த நேரத்தை டார்கெட்டில கழிக்கிறேல்லை. சுவரில தேடச் சொல்லி எழுதியிருக்கு. போனில முடிக்கச் சொல்லினம். ஒரு ஆள் ரெண்டையும் எப்பிடிச் செய்யிறது? பிழையை அக்காவில மட்டும் போடாதேங்கோ."

"போன் எங்கயிருந்து வந்தது?" என்று கேட்டார் மனேஜர். கேட்டபிறகுதான் கேட்டிருக்கக்கூடாது என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும்.

"இந்த அறையிலயிருந்துதான், சேர்."

ராஜினி அப்போதுதான் முதல்தடவையாகத் தலையை நிமிர்த்திச் சுமித்திராவைப் பார்த்தாள். சுமித்திரா வெளியே வந்து, தொட்டியில் முகத்தைக் கழுவிவிட்டு மெஷினுக்குத் திரும்பினாள்.

மேனுகாவின் வேலை தப்பியது. ராஜினியை வீட்டுக்கு அனுப்பவில்லை; ஆனால் சூப்பர்வைசர் பதவியை எடுத்துவிட்டு மாதிரி உடுப்புத் தைக்கும் பிரிவில் போட்டார்கள். சுமித்திராவை ஒரு கிழமையில் இஸ்திரிப் பிரிவுக்கு மாற்றினார்கள். 'சேவையின் தேவை கருதி' என்று கடிதத்தில் இருந்தது. ஆவிக்குள் நாள் முழுக்க நின்றபடி வேலை. தண்டனை என்று ஒருவரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

பஸ்ஸிலும் எல்லோரும் அவளைத் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள் என்றில்லை. ராஜினியால் வேலை பழகியவர்கள் அதில் பாதிப்பேர். சிலர் அவளுக்குப் பக்கத்தில் இருக்கவே இல்லை. விமலேஸ்வரி நாலு நாள் கதைக்கவில்லை. ஐந்தாம் நாள், "உன்னில எனக்குக் கோவந்தான். அதுக்காகக் கதையை அந்தரத்தில விடலாமோ?" என்றாள்.

சுமித்திரா சொன்னாள். தாரிகை மதகை மூடவில்லை. வாளும் எடுக்கவில்லை. தனியாக அரண்மனைக்கு நடந்துபோய், நிறைந்த சபையில் சாவியை அரசியின் காலடியில் வைத்தாள். "உங்கள் கை என்னை வெள்ளத்திலிருந்து எடுத்தது, அரசி. அந்தக் கை ஓர் ஊரைத் தாகத்தால் கொன்றது என்று நாளைக்கு ஒருவரும் பாடக்கூடாது" என்றாள். அவளைச் சிறையில் போட்டார்கள். அரசி வேறொரு காவலனைக் கூப்பிட்டாள். அவனும் தன் மதகின் சாவியைக் கொண்டுவந்து காலடியில் வைத்தான். கிழமை முடிவில் ஏழு மதகின் சாவிகளும் அங்கே கிடந்தன. மதகைத் திருப்ப உவர்நாட்டில் ஆளில்லை.

"அரசி திருந்தினவாவோ?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள்.

"உடன இல்லை" என்றாள் சுமித்திரா.

விமலேஸ்வரி, "நான் எண்டால் மூடியிருப்பன்" என்று முணுமுணுத்தாள். ஆனால் எழும்பிப்போய் மேனுகாவுக்குப் பக்கத்தில் இருந்து, கொண்டுவந்த ரொட்டியில் பாதியைப் பிய்த்து அவளிடம் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு மேனுகா கதையைத் தன் போனில் பதியத் தொடங்கினாள். ஜோர்தானுக்குத் தையல் வேலைக்குப் போன பழைய பஸ்காரிகளுக்கு அனுப்புவாள். அங்கே ஓர் அறைக்குள் ஒன்பது பேர் படுத்துக்கொண்டு உவர்நாடு கேட்கிறார்களாம். ஒருநாள் பிந்தினாலும் ஏச்சு வருகிறது.

ராஜினி ஏழு மாதம் சுமித்திராவோடு கதைக்கவில்லை. பிறகு பழனியாண்டி மார்புச்சளியில் படுத்து, எழும்பாமலே போய்விட்டார். செத்தவீட்டன்று கிளிநொச்சியிலிருந்து முதல் பஸ்ஸில் ராஜினி வந்து இறங்கினாள். யாரோடும் கதைக்காமல் நேரே குசினிக்குள் போய்ச் சேலையைச் செருகிக்கொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் பின்னேரம்வரை தேத்தண்ணி ஊற்றினாள். போகும்போது வாசல் படலையில் வைத்துச் சொன்னாள்.

"கோவம் போகேல்லை, சுமி. போயிட்டுது எண்டு பொய் சொல்லமாட்டன். ஆனா அந்த அறைக்குள்ள எனக்காகவும் ஒருத்தி கதைச்சவள் எண்டது எனக்கு மறக்காது."

சுமித்திரா அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள். தகப்பனுக்காக அழுததோடு அதுவும் சேர்ந்துகொண்டது.

அடுத்த வருடம் தொழிலாளர் சபைத் தேர்தலில் இஸ்திரிப் பிரிவு அவளைக் கேளாமலே அவளுடைய பெயரைக் கொடுத்தது. ராஜினியின் மாதிரிப் பிரிவிலிருந்தும் வோட்டு விழுந்தது. சபையில் அவள் எழும்பிக் கேட்ட முதல் விஷயம், ஊசி தேடும் நேரத்தை டார்கெட்டில் கழிக்க வேண்டும் என்பது. நாலு கூட்டத்தில் "அடுத்த கூட்டத்தில் பார்ப்போம்" என்றார்கள். ஐந்தாவது கூட்டத்தில் ஒப்புக்கொண்டார்கள். இப்போது ஊசி உடைந்தால் லைன் நிற்கிறது, காந்தம் வருகிறது, யாரும் மணிக்கூட்டைப் பார்ப்பதில்லை.

சபைக்குப் போனபிறகு ஆட்கள் தன்னிடம் கொஞ்சம் பணிந்து கதைப்பதைச் சுமித்திரா கவனித்தாள். அது அவளுக்குப் பிடித்தும் இருந்தது. பிடித்திருக்கிறதே என்று பயமாகவும் இருந்தது. இந்த மாதம் உவர்நாட்டில் சனங்கள் சேர்ந்து தாரிகையைச் சிறையிலிருந்து எடுத்து, ஏழு சாவியையும் அவள் கையில் கொடுத்துவிட்டார்கள். போன செவ்வாய்க்கிழமை, தன்னிடம் முறைப்பாடு சொல்ல வந்த ஒரு கிழவனைத் தாரிகை வாசலில் காக்க வைத்துவிட்டாள். வேறொரு வேலை இருந்ததாம்.

பஸ்ஸில் ஒரே கூச்சல்.

"இனி இவளையும் கூடாதவளாக்கப் போறியோ?" என்றாள் விமலேஸ்வரி, உண்மையான கோபத்தோடு.

"அவளும் மனிசிதானே அக்கா" என்றாள் சுமித்திரா. "நீங்கள்தான் அவளைப் பாத்துக்கொண்டு இருக்கோணும்."